நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்: பேராதனை எழுப்பிய ஒரு கேள்வியின் வரலாறு

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கம்பளையிலிருந்து தொடங்குவது வழக்கம். 1820களின் முற்பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளையை அடுத்த சிங்ஹாப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் அமைத்ததையும், அதற்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டதையும் நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். 2023 இல் இருநூறாண்டு நினைவையும் அனுட்டித்தோம். சம்பளம், லயம், 1948 இன் குடியுரிமைச் சட்டம், 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று எமது வரலாற்று நூல்களின் அத்தியாயங்கள் அமைகின்றன. அந்த அத்தியாயங்களில் இடம்பெறாத ஒன்று உண்டு. அது இம்மக்களின் உடலின் வரலாறு. எந்த நஞ்சு எந்த வழியாக அவர்களின் நரம்பைத் தாக்கியது, அதனை யார் கண்டறிந்தனர், அந்த அறிவு எங்கு சென்றது என்ற கதையை மருத்துவ ஏடுகளில் மாத்திரமே வாசிக்கலாம்.

கம்பளையிலிருந்து மகாவலிக் கரையோரமாகக் கெலிஓயாவைக் கடந்து சென்றால் பேராதனை. நாம் பல்கலைக்கழகத்துக்காகவும் பூங்காவுக்காகவும் அறிந்த இந்த ஊர், உலக நரம்பியல் பாடநூல்களில் வேறொரு காரணத்துக்காக இடம்பெற்றிருக்கிறது. 1987 இல் இங்கிருந்து வெளியான மூன்று பக்கக் கட்டுரையொன்று, மனித உடலில் நரம்பும் தசையும் சந்திக்கும் நுண்ணிய இடைவெளியைப் பற்றி ஒரு புதிய கேள்வியை எழுப்பியது. அக்கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி, கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கப்பட்ட கலங்களிலிருந்து பின்னர் கிடைத்தது. கட்டில் ஒருபுறம், கண்ணாடித் தட்டு மறுபுறம். இரண்டையும் இணைக்கும் கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்லெண்ணெய்

கதை 1977–78 இல் தொடங்குகிறது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் தோட்டங்களைவிட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தேயிலைத் தோட்டப் பகுதிகளில், பூப்படைந்து சில நாட்களே ஆன சிறுமிகள் சிலருக்குக் கால்கள் தளர்ந்தன. பாதம் தொங்கியது, பின்னர் கைகளிலும் பிடிமானம் குறைந்தது. குறைந்தது 20 இளம்பெண்கள் இவ்வாறு பாதிக்கப்பட்டனர் என்பது பதிவு. ஆண்களுக்கு இல்லை, வயது வந்த பெண்களுக்கு இல்லை, அயலிலுள்ள சிங்களக் கிராமங்களிலும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ச் சிறுமிகளுக்கு மாத்திரம் வரும் வாதம் எது?

எமது பெண்மணிகளிடம் கேட்டால் ஒரு நொடியில் துப்புக் கொடுத்திருப்பார்கள். பெரியவளான பெண்ணைத் தனியே இருத்தி, இடுப்புக்கு வலுச் சேரவேண்டும் என்று நல்லெண்ணெய் கொடுப்பது எம்மிடையே உள்ள வழக்கம். வறிய குடும்பமாயினும் அந்தச் சில நாட்களுக்கு மகளுக்கென்று எண்ணெய் வாங்கிவிடும். பேராதனையின் நரம்பியல் அறிஞர் நிமால் சேனநாயக்கவும், தொழில்சார் மருத்துவத்தில் பின்னர் உலகப் பெயர் பெற்ற ஜே. ஜெயரட்ணமும் சேர்ந்து இந்த எண்ணெயில் காரணத்தைக் கண்டுபிடித்தனர். அதில் டிரை-கிரேசில் பொஸ்பேற்று என்ற கைத்தொழில் இரசாயனம் கலந்திருந்தது. கனிம எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் இக்கலப்பு நேர்ந்திருக்கும் என்று கருதப்பட்டது. 1981 இல் இந்த ஆய்வு லண்டனின் 'லான்செட்' ஏட்டில் வெளிவந்தது. அப்பெண்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து அவதானித்த சேனநாயக்கவின் மற்றொரு கட்டுரையும் அதே ஆண்டில் வெளியாயிற்று.

உலகுக்கு இந்த நஞ்சு புதிதன்று. 1930 இல் அமெரிக்காவில், மதுவிலக்குக் காலத்தில், 'ஜமேக்கா இஞ்சிச் சாறு' என்ற பெயரில் விற்ற சாராயச் சரக்கில் இது கலந்து பல்லாயிரம் ஏழைகளை முடமாக்கியது. 1959 இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில், விமான எஞ்சினுக்குரிய மசகெண்ணெய் சமையல் எண்ணெயில் கலக்கப்பட்டு ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டனர். மூன்று இடங்களிலும் நஞ்சு ஒன்று. பாதிக்கப்பட்ட வர்க்கமும் ஒன்று. மலிவான பண்டத்தை நம்பி வாங்கியோரே விழுந்தனர். எமது தோட்டங்களில் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே அது தாயின் கையால், மகளின் நலனுக்காக ஊட்டப்பட்டது.

இந்த நஞ்சு நரம்பு இழையின் நெடிய தண்டைத் தாக்குகிறது. உட்கொண்டு இரண்டு மூன்று வாரங்களின் பின்னரே அடையாளம் தெரியும். இங்கிலாந்தின் மார்ட்டின் ஜோன்சன் என்ற உயிரிரசாயன அறிஞர், இத்தகைய நஞ்சுகள் நரம்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட நொதியத்தைப் பற்றிக்கொள்வதாலேயே இவ்விளைவு நேர்கிறது என்று காட்டியிருந்தார். சேனநாயக்கவும் ஜோன்சனும் இணைந்து 1982 இல் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' ஏட்டில் இன்னொரு கட்டுரை எழுதினர். அதன் பொருள் எண்ணெய் அன்று. ஒரு புதிய கிருமிநாசினி. அதுவும் அதே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

வயலில் வந்த நஞ்சு

நான் பத்திரிகைத் தொழிலில் இருந்த நெடுங்காலத்தில், பிராந்தியச் செய்திப் பக்கத்துக்குத் தவறாமல் வந்த ஒரு வகைச் செய்தி இருந்தது. 'கிருமிநாசினி அருந்திய இளைஞர் வைத்தியசாலையில் அனுமதி.' மூன்று வரி; சில வேளைகளில் நான்கு. கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை, கொத்மலை என்று ஊர் மாத்திரம் மாறும். செய்தியாளர் அனுப்புவார், உதவி ஆசிரியர் சுருக்குவார், அச்சுக்குப் போகும். அந்த மூன்று வரிக்குப் பின்னால் இருந்த எண்ணிக்கையை ஜெயரட்ணமும் சகாக்களும் 1982 இல் வெளியிட்டனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சூட்டலுக்காக இலங்கை வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுகின்றனர். அவர்களில் ஏறத்தாழ 1,000 பேர் இறக்கின்றனர் என்பது அவர்களின் கணக்கு. அந்தக் காலத்து மலேரியாவையும் தொற்றுநோய்களையும் எண்ணிப் பழகிய நாட்டுக்கு இது அதிர்ச்சியளித்த கணக்கு.

இவற்றுட் பெரும்பாலானவை சேதனப் பொஸ்பரசுச் சேர்வைகள். அவை உடலில் என்ன செய்கின்றன என்பதை எளிதாகச் சொல்லலாம். நரம்பு தசைக்குக் கட்டளை இடும்போது அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைச் சிந்துகிறது. கட்டளை நிறைவேறியதும் ஒரு நொதியம் அதனை உடனே சிதைத்துத் துப்புரவாக்கிவிடும். நஞ்சு அந்த நொதியத்தை முடக்குகிறது. கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. உமிழ்நீர் பெருகும், வியர்க்கும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், மூச்சுக்குழல் நீரால் நிறையும், தசைகள் துடிக்கும். இது முதற்கட்டம். அத்துரோபீன் கொடுத்து மருத்துவர் நோயாளியை மீட்பர். இரண்டு மூன்று வாரங்களின் பின்னர், சில நஞ்சுகளால், முன்சொன்ன நரம்புத் தண்டு வாதம் வரலாம். இது இறுதிக்கட்டம். 1980கள் வரை பாடநூல்கள் தெளிவாக வகுத்தவை இவ்விரண்டு கட்டங்களையே.

சேனநாயக்கவும் மயக்கமருந்து நிபுணரான லக்ஷ்மன் கரல்லியத்தவும் கவனித்தது இவ்விரண்டுக்கும் இடையில் நடந்ததை. முதற்கட்டத்தைத் தாண்டிவிட்ட நோயாளி கண் திறந்து பேசுகிறார். ஆபத்து நீங்கியது என்று உறவினர் ஆறுதலடைகின்றனர். நஞ்சு உட்கொண்டு ஒரு நாள் முதல் நான்கு நாட்களுக்குள், திடீரெனத் தலையணையிலிருந்து தலையைத் தூக்க அவரால் முடியவில்லை. தோளும் தொடையும் தளர்கின்றன. கண்ணசைவும் முகத்தசையும் சோர்கின்றன. பின்னர் மூச்சுத் தசைகள். அறிவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு நின்றுவிடும். இத்தகைய 10 நோயாளிகளை அவர்கள் 1987 இல் விபரித்தனர். நால்வருக்கு உடனடியாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. தளர்ச்சி 18 நாட்கள் வரை நீடித்தது. காரணமான நஞ்சுகள் நான்கு: பென்தியன், மொனோக்ரோட்டோபொஸ், டைமெத்தோயேட், மெத்தமிடோபொஸ். இந்நிலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'இடைநிலைக் கூட்டறிகுறி'. இந்தியாவின் பூனே நகரில் வாடியாவும் சகாக்களும் 1974 இலேயே இத்தகைய தளர்ச்சியை ஓரளவு விபரித்திருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். எனினும், தனி நோய்நிலையாக வரையறுத்துப் பெயர் கொடுத்து உலக மருத்துவர் அனைவரும் தேடிப்பார்க்கும்படி செய்தது பேராதனை.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. நரம்பை மின்னால் தூண்டித் தசையின் பதிலை அளந்தனர். விரைவாகத் தூண்டும்போது பதில் தேய்ந்துகொண்டு போனது. மெதுவாகத் தூண்டும்போது தேயவில்லை. இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு இதுதான்: கோளாறு நரம்பில் இல்லை, தசையின் இழையிலும் இல்லை, சந்திப்பில், அதுவும் தசையின் கரையில் இருக்கிறது. அசற்றைல்கோலினைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஏதோ நேர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

வாங்கி என்னும் பூட்டு

பெற்றுக்கொள்ளும் புரதத்தை இலங்கைப் பாடநூல்கள் 'வாங்கி' என்கின்றன. தமிழ்நாட்டில் 'ஏற்பி' என்பர். 1905 இல் கேம்பிரிட்ஜின் லேங்லி, புகையிலை நஞ்சான நிக்கொட்டினையும் அம்பு நஞ்சான குராரேயையும் தசையில் இட்டு ஆராய்ந்து, நரம்பை வெட்டிய பின்னரும் தசை அவற்றுக்குப் பதில் கொடுப்பதைக் கண்டார். தசையிலேயே 'ஏற்கும் பொருள்' ஒன்று இருக்கவேண்டும் என்றார். ஓட்டோ லோவி, ஹென்றி டேல் ஆகியோர் அசற்றைல்கோலினின் பங்கை நிறுவி 1936 இல் நோபல் பரிசு பெற்றனர். வாங்கியை மாத்திரம் யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அது தசையில் மிகச் சிறிதளவே இருந்ததே காரணம்.

உதவிக்கு வந்தது பாம்பு. தாய்வான் பல்கலைக்கழகத்தில் சாங், லீ என்ற இருவர் 1963 இல் அந்நாட்டுக் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து ஒரு நச்சுப்புரதத்தைப் பிரித்தனர். அது தசை வாங்கியை இறுகப் பற்றிக்கொண்டு எளிதில் விடுவதில்லை. எமது நாட்டுக் கட்டுவிரியனும் அதே இனக்குழுவைச் சேர்ந்தது. அக்குழுவின் அறிவியற் பெயரான 'பங்காரஸ்' என்பதே பொன்னைக் குறிக்கும் 'பங்காரு' என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து வந்ததாகும். விஷம் ஆய்வுகூடத்தில் தூண்டிலாகிவிட்டது. மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனின் உறுப்பில் இவ்வாங்கி ஏராளமாக இருப்பதால், தூண்டிலைப் போட்டு அங்கிருந்து வாங்கியைப் பிடித்தனர்.

பிடித்துப் பார்த்தபோது அது ஒரே புரதமன்று. ஐந்து துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளையை அமைத்திருந்தன. ஐந்திதழ்ப் பூவொன்றை நினைத்துக்கொள்ளலாம். இத்துண்டுகளை உப அலகுகள் என்பர். அல்பா இரண்டு, பீட்டா, டெல்டா ஒவ்வொன்று, ஐந்தாவதாகக் காமா அல்லது எப்சிலோன். அசற்றைல்கோலின் அல்பாவின் ஓரத்தில் வந்து பொருந்தியதும் துளை திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, தசை சுருங்குகிறது. ஜப்பானின் கியோட்டோவில் ஷொசாகு நூமாவின் குழு 1982–83 இல் இவ்வுப அலகுகளின் பரம்பரையலகுகளைப் படித்து முடித்தது.

1986 இல் அதே குழுவினரும் ஜேர்மனியின் சாக்மானும் இன்னொன்றைக் காட்டினர். கருவிலிருக்கும் உயிரின் தசையில் ஐந்தாவது இதழ் காமா. வளர்ந்த உயிரில் அது எப்சிலோன். ஒரே ஓர் இதழ் மாறுகிறது. ஆனால் துளை திறந்திருக்கும் நேரமும் அதனூடாகப் பாயும் மின்னோட்டமும் மாறிவிடுகின்றன. நரம்பு அறுந்த தசையில் காமா மீண்டும் தலைகாட்டுகிறது. வாங்கிகளும் சந்தியை விட்டுத் தசையெங்கும் பரவுகின்றன. ஆகவே, 'வாங்கி இருக்கிறதா?' என்று கேட்டால் போதாது. 'எந்த உப அலகுகளால் ஆன வாங்கி?' என்று கேட்கவேண்டும்.

கண்ணாடித் தட்டில் கலங்கள்

இக்கேள்வியை மனிதனிடம் கேட்க வழியில்லை. நோயாளியின் சந்தியை நாளுக்கொரு முறை வெட்டிப் பார்க்கமுடியாது. அதனால் ஆய்வாளர் வளர்ப்புக் கலங்களை நாடினர். புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த கலங்கள் போஷாக்குத் திரவத்தில் ஓயாமல் பிரிந்து பெருகும். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் அத்தகைய கூட்டத்தைக் கலவழி என்போம். உடலின் எல்லாக் கலங்களிலும் எல்லாப் பரம்பரையலகுகளும் உண்டு. எந்தக் கலம் எந்தப் புரதத்தை உண்மையில் செய்து மேற்பரப்பில் நிறுத்துகிறது என்பதே வேறுபாடு. அதனையே வெளிப்பாடு என்கிறோம். ஒரு கலவழி எந்த உப அலகுகளை வெளிப்படுத்துகிறது என்று அறிந்தால், அந்த வாங்கியைத் தட்டிலேயே ஆராயலாம்.

எலியின் அதிரீனற் சுரப்பிக் கட்டியிலிருந்து 1976 இல் உருவான 'பிசி12' என்ற கலவழி முதற் பாடத்தைக் கற்பித்தது. பாம்பின் நச்சுப்புரதம் அதில் ஒட்டியது. ஆனால் வாங்கியின் செயலைத் தடுக்கவில்லை. நரம்புக் கலங்களின் வாங்கி தசை வாங்கி அன்று என்பதற்கு அது சான்றாயிற்று. 1986 இல் அதே கலவழியிலிருந்து நரம்புக்குரிய அல்பா உப அலகொன்றின் பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டது. பேராதனைக் கட்டுரை வெளியான அதே 1987 இல், அமெரிக்காவில் டோனி கிளோடியோவும் சகாக்களும் திருக்கை மீனின் நான்கு பரம்பரையலகுகளை எலியின் சாதாரண இணைப்பிழையக் கலத்துள் புகுத்தி, அங்கே முழுமையாக இயங்கும் வாங்கியை உருவாக்கிக் காட்டினர். தன் வாழ்நாளில் அசற்றைல்கோலினுக்குச் செவிசாய்த்திராத கலம் செவிசாய்க்கத் தொடங்கியது.

மனிதக் கலவழிகளுள் ஒன்றின் கதை பத்திரிகையாளனுக்கு மிகவும் பிடித்தமான வகையைச் சேர்ந்தது. 'டிஈ671' என்பது அதன் பெயர். ஆறு வயதுச் சிறுமியொருத்தியின் சிறுமூளைக் கட்டியிலிருந்து வந்தது என்று பதிவேடு சொன்னது. ஆகவே மூளை வாங்கிகளை ஆராய அதனைப் பலரும் பயன்படுத்தினர். ஆனால் அது காட்டியதோ தசைக்குரிய வாங்கி. மூளைக் கலத்தில் தசை வாங்கி எப்படி வந்தது? விளக்கங்கள் பல சொல்லப்பட்டன. 1988 இல் அதன் உப அலகுகள் தசையினுடையவைதாம் என்று உறுதியாயிற்று. அடுத்த ஆண்டில் லண்டன் ஆய்வாளர் அதன் மரபணு அடையாளத்தை எடுத்துப் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்தது. அது மூளைக் கலமே அன்று. ஏழு வயதுச் சிறுமியொருத்தியின் தசைப் புற்றிலிருந்து 1960களின் இறுதியில் உருவான 'ஆர்டி' என்ற இன்னொரு கலவழியேதான் அது. ஆய்வுகூடத்தில் எங்கோ தட்டு மாறியிருக்கிறது. பதிவேடு பொய் சொன்னது. உப அலகுகள் உண்மை சொல்லின. பெயர்ச்சீட்டை நம்புவதா, பொருளையே சோதிப்பதா என்ற அந்தப் பழைய கேள்வி, நல்லெண்ணெய்ப் பீப்பாய்க்கும் பொருந்தும்; கண்ணாடித் தட்டுக்கும் பொருந்தும்.

அடையாளம் தெளிந்தபின் அக்கலவழியின் மதிப்புக் கூடியது. மனிதத் தசை வாங்கி வேண்டுமாயின் அங்கே எடுக்கலாம். ஒரு குறை மாத்திரம் இருந்தது: அதில் வெளிப்பட்டது பெரும்பாலும் கருவின் வடிவம், அதாவது காமா. ஒக்ஸ்போர்டில் பீசன், வின்சென்ட், நியூசம்-டேவிஸ் ஆகியோர் எப்சிலோன் உப அலகின் பரம்பரையலகை அதனுட் செலுத்தி, வளர்ந்தோரின் வாங்கியையும் வெளிப்படுத்தும் கலவழியை 1996 இல் ஆக்கினர். 'மயஸ்தீனியா' என்ற நோயில் உடலின் பிறபொருளெதிரிகள் தன் வாங்கியையே தாக்குகின்றன. இமை சோரும், விழுங்க முடியாது, மூச்சுத் தளரும். அதனை இரத்தத்தில் கண்டறியும் சோதனைக்கு இக்கலவழி பயன்பட்டது. எப்சிலோனை எதிர்க்கும் நோயாளி, காமா மட்டுமுள்ள தட்டில் நோயற்றவராகத் தோன்றிவிடுவார். மறுபுறம், தாயின் பிறபொருளெதிரி காமாவை எதிர்ப்பதாயின், தாய் நலமாக இருக்க, கருவிலுள்ள குழந்தை அசைவற்று மூட்டுகள் இறுகிப் பிறக்கலாம் என்பதும் 1990களில் தெரியவந்தது. ஓர் உப அலகின் வேறுபாடு ஒரு குழந்தையின் உயிர்.

மீண்டும் பேராதனைக் கட்டிலுக்கு

இனி 1987 இன் கேள்விக்கு வருவோம். தலையைத் தூக்கமுடியாத அந்த நோயாளியின் சந்தியில் நேர்ந்தது என்ன?

முதலாவது, அத்துரோபீன் ஏன் அவருக்கு உதவவில்லை என்பது விளங்கிவிட்டது. அசற்றைல்கோலினுக்கு உடலில் இரு வகை வாங்கிகள் உண்டு. உமிழ்நீர், வியர்வை, மூச்சுக்குழல் ஆகியவற்றுக்குரியது ஒரு குடும்பம். அத்துரோபீன் தடுப்பது அதனை. தசையின் ஐந்திதழ் வாங்கி வேறு குடும்பம். அத்துரோபீன் அதைத் தொடுவதில்லை. நோயாளியின் வாய் உலர்ந்து நாடி சீராகிவிட்டது என்பதால் கழுத்துத் தசை காப்பாற்றப்பட்டது என்று பொருளில்லை.

இரண்டாவது, ஓயாத கட்டளைக்கு வாங்கி எப்படிப் பதில் சொல்கிறது என்பது. அசற்றைல்கோலின் நீங்காமல் நின்றால் வாங்கி சிறிது நேரத்தில் பதிலளிப்பதை நிறுத்திவிடுகிறது என்பதைக் காட்ஸ், தெஸ்லெஃப் ஆகியோர் 1957 இலேயே காட்டியிருந்தனர். 1978 இல் எலித் தசைக் கல வளர்ப்புகளில் நடந்த சோதனை இன்னொரு படி மேலே சென்றது. அசற்றைல்கோலினை ஒத்த பொருளில் அக்கலங்களை நீண்ட நேரம் வைத்திருந்தபோது மேற்பரப்பிலுள்ள வாங்கிகளின் எண்ணிக்கையே குறைந்தது. வீட்டு வாசலில் விடாமல் கத்துபவனுக்குக் கதவைச் சாத்துவதோடு நில்லாமல் கதவையே கழற்றிவிடுவது போன்றது இது. இடைநிலைக் கூட்டறிகுறிக்கு ஆய்வாளர் பலர் முன்வைக்கும் விளக்கமும் இதுவே: முதற்கட்ட வெள்ளத்தில் நனைந்த சந்தி, தன் வாங்கிகளைச் செயலிழக்கச் செய்தும் குறைத்தும் கொள்கிறது, புதியவை வந்து சேரும்வரை தசை கேளாமல் கிடக்கிறது. நாட்கணக்கில் நீடிக்கும் தளர்ச்சியும், பின்னர் முழுமையாக மீள்வதும் இவ்விளக்கத்துக்குப் பொருந்துகின்றன. இது முடிந்த முடிபன்று. நரம்பின் கரையிலும் கோளாறு உண்டு என்போர் இருக்கின்றனர். விவாதம் தொடர்கிறது.

மூன்றாவது, நல்லெண்ணெய்ச் சிறுமிகளைத் தாக்கிய தாமத வாதம். அதனைச் சோதிக்க நெடுங்காலம் கோழிகளுக்கே நஞ்சூட்டினர்; அவற்றுக்கும் மனிதரைப் போலவே கால் தளரும். 1990களிலிருந்து 'எஸ்எச்-எஸ்வை5வை' என்ற மனித நரம்புக் கலவழியும் இச்சோதனையில் சேர்ந்தது. நரம்புக்குரிய அசற்றைல்கோலின் வாங்கியின் பல உப அலகுகளை வெளிப்படுத்தும் இக்கலவழி, ஜோன்சன் கண்ட அந்த நொதியத்தையும் கொண்டிருக்கிறது. எந்தச் சேர்வை தாமத வாதத்தை உண்டாக்கவல்லது என்பதைத் தட்டிலேயே ஓரளவு பிரித்தறிய முடிகிறது. அக்கலவழியின் மூலம் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் கட்டி.

பேராதனையும் தன் கேள்வியைக் கைவிடவில்லை. அங்கு அமைந்த தெற்காசிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பினர் 78 நோயாளிகளை நாள்தோறும் மின்தூண்டலால் பரிசோதித்து 2008 இல் முடிவுகளை வெளியிட்டனர். 10 பேருக்கு முழுமையான இடைநிலைத் தளர்ச்சி வந்தது. 30 பேருக்கு அதன் இலேசான வடிவம் காணப்பட்டது. தசையின் பதில் தேய்ந்து போகும் பாங்கு, மூச்சுத் தளர்வதற்கு முன்னரே எச்சரிக்கிறது என்று அவர்கள் காட்டினர். அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சேனநாயக்கவினதும் கரல்லியத்தவினதும் பெயர்கள் இருபதாண்டுகளின் பின்னரும் இருந்தன.

யார் கொடுத்த அறிவு?

அறிவு மாத்திரம் உயிர்களைக் காத்துவிடவில்லை. சட்டமும் வேண்டியிருந்தது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பூச்சிகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் துணைகொண்டு இலங்கை படிப்படியாகக் கொடிய நஞ்சுகளை விலக்கியது. 1987 கட்டுரையின் நான்கு நஞ்சுகளுள் மொனோக்ரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் இரண்டும் 1995 இல் தடைசெய்யப்பட்டன. டைமெத்தோயேட், பென்தியன் இரண்டும், அவற்றோடு பரகுவாட் என்ற களைகொல்லியும், 2008 முதல் 2011 வரையான காலத்தில் விலக்கப்பட்டன. 1995 இல் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் 2005 அளவில் பாதியாகியது. 1995 முதல் 2015 வரை இக்கட்டுப்பாடுகளால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. விளைச்சல் அழிந்துவிடும் என்று கூறியோரின் அச்சம் மெய்ப்படவில்லை. உலக நாடுகள் இன்று இலங்கையை முன்மாதிரியாகக் காட்டும் துறைகள் அதிகமில்லை. இது அவற்றுள் ஒன்று.

இந்த வரலாற்றை எழுதும்போது ஒரு விடயம் என்னை விட்டகலவில்லை. கலவழிகளின் மூலப் பதிவுகளில் வயதும் நோயும் மாத்திரம் உண்டு: நான்கு வயதுச் சிறுமி, ஆறு வயதுச் சிறுமி, ஏழு வயதுச் சிறுமி. பேராதனைக் கட்டுரைகளிலும் அவ்வாறே: பூப்படைந்த தோட்டத்துச் சிறுமி. பெயர் இல்லை, இருக்கவும் கூடாது, அது மருத்துவ அறம். ஆயினும் பெயரில்லாமை வேறு, நினைவில்லாமை வேறு. 1977 இல் பதின்மூன்று வயதாயிருந்தவர் இன்று அறுபதைக் கடந்தவர். சிலர் கொழுந்து பறித்திருக்கலாம். சிலர் ஒப்பந்தப்படி கடல் கடந்து நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ சென்றிருக்கலாம். தம் கால் தளர்ந்த கதை லண்டன் ஏட்டில் அச்சானதை அவர்களுக்கு யாரும் தமிழில் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. மலையக மக்களின் வரலாற்றில் 1977–78 இன் நல்லெண்ணெய்க்கு ஒரு பக்கமாவது ஒதுக்கவேண்டும் என்று நான் கேட்பது அதனாலேயே.

இறுதியாக, நடைமுறைக்குரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொடிய நஞ்சுகள் சில விலக்கப்பட்டாலும் சேதனப் பொஸ்பரசு மருந்துகள் உலகெங்கும் பல நாடுகளில் இன்றும் பாவனையில் உள்ளன. இடைநிலைக் கூட்டறிகுறியும் மறையவில்லை. நஞ்சுண்டவர் தெளிந்து பேசத் தொடங்கியதும், 'வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம்' என்று வாட்டில் அவசரப்படும் உறவினரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். முதல் நான்கு நாட்கள் கழியும்வரை அவசரப்படலாகாது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். தூக்க முடியவில்லையென்றால் உடனே மருத்துவரை அழைக்கவேண்டும். ஐந்திதழ் வாங்கியைப் பற்றி நூறாண்டுகளாகத் தேடிய அறிவு, நோயாளியின் கட்டிலருகே நிற்கும் ஒரு தாய்க்கு இந்த ஒரு வாக்கியமாகவே சென்று சேரவேண்டும். அது தமிழிலும் சிங்களத்திலும் வாட்டுச் சுவரில் எழுதி வைக்கத்தக்க வாக்கியம்.